கோர்வைக்கு ஒரு ஆள்

முதலாளி கொடுத்த சரிகையைத் திருடி விற்றபோது கலியனுக்குப் பத்தொன்பது வயது. முதல் குற்றம் என்பதால் நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. ஓராண்டு நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் நெய்து பிழைக்கச் சொன்னார்.

ஆனால் சேலையின் உடலோடு கரையைச் சேர்த்து நெய்யும் கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவனோடு உட்கார்ந்து நெய்த முருகேசனைத்தான் போலீஸ் முதலில் பிடித்திருந்தது. கலியன் இப்போது தனியாளாகச் சாதாரணச் சேலை நெய்தான். எதிர்வீட்டுத் தறியில் இருவர் பேசிச் சிரித்தால் அவன் கை நின்றுவிடும்.

ஐந்தாம் மாதம் கலியன் முருகேசனின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"வாப்பா, சரிகை முதலாளி! நீ திருடுன, நான் லாக்கப்புல கிடந்தேன்" என்றார் முருகேசன்.

"தெரியும்ணே. நீ வந்தாத்தான் கோர்வை போட முடியும்."

"கோர்ட்டு உன்ன நம்பிடுச்சு. எனக்கு இன்னும் மனசு வரல."

அந்த மாதம் கையெழுத்துப் போடப் போனபோது, வேறு ஆளைத் தேடிக்கொள்ளச் சொன்னார் நன்னடத்தை அதிகாரி.

"அவரே வரட்டும் சார்," என்றான் கலியன். "காத்துக்கினு இருக்கேன்."