ஹட்டன் மலையில் ஒரு முன்பள்ளிச் சுவர்: ஸ்ரீரங்கத்திலிருந்து சபைக் குழுவோடு எட்டு நாள்

சென்ற ஆகஸ்டில் எட்டு நாள் இலங்கை மலையகத்துக்குப் போய் வந்தேன். திருச்சி பாலக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு கிறிஸ்தவ சபையின் ஊழியக் குழுவோடு, தேயிலைத் தோட்டத்து முன்பள்ளி ஒன்றின் சுவரில் படம் வரையப் போனேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். காலையில் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் சேர்ந்து சேவிப்பவர். "நீ எப்படிடா அந்தக் குழுவில்?" என்று கேட்காத ஆள் இல்லை. அதற்குப் பதிலாகவும், இதுபோல் முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு உதவியாகவும் இந்தப் பதிவு.

எனக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்கிறேன்; அதில் ஒரு சின்னத் திருத்தம். மே மாதம் மாமா பெண் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போயிருந்தேன். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம், போகவர டிக்கெட் 17,600 ரூபாய். நாலு நாளில் மூன்று நாள் கல்யாண மண்டபத்துக்குள்ளேயே கழிந்தது. பந்தியில் பரிமாறினேன், ஊஞ்சல் பாட்டுக்கு மைக் பிடித்தேன், திரும்பி வந்தேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததே தவிர வெளிநாடு போன மாதிரியே இல்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பேனர் கடையில் நான் டிசைனர். பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைந்து தரும் வேலையும் உண்டு. அதே கடையில் பிரிண்டிங் பகுதியைப் பார்ப்பவர் ஜோசப் அண்ணன், நாற்பது வயது. அவருடைய சபையில் இளைஞர் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. ஜூன் மாதம் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

"முரளி, உன்கிட்ட பாஸ்போர்ட் இருக்குல்ல? ஆகஸ்ட்ல ஒரு வாரம் லீவு போட முடியுமா? நாங்க ஏழு பேர் சிலோன் போறோம். காலையில சுவர் வேலை, மத்தியானம் பிள்ளைங்களுக்கு பாட்டு, கதை. எங்கள்ல யாருக்கும் படம் போட வராது. நீ வந்தீன்னா டிக்கெட்ட சபை பாத்துக்கும்."

"அண்ணே, நான் ஜெபம் எல்லாம்..."

"உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

வீட்டில் சொன்னேன். அம்மாவின் கவலை சாப்பாடு பற்றியது. அப்பா இரண்டே கேள்வி கேட்டார்.

"அவா உன்னை மாத்தப் போறாளா?"

"இல்லப்பா."

"நீ அவாளை மாத்தப் போறியா?"

"இல்லப்பா."

"அப்போ போயிட்டு வா."

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அப்பாவின் ஸ்கூட்டரில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி நாற்பது நிமிடத்தில் விமான நிலையம். பத்தேகாலுக்கு விமானம், கொழும்பில் இறங்கும்போது பதினொன்றே கால்கூட ஆகவில்லை. துறையூர் போய்ச் சேரும் நேரத்தில் வேறு நாடு. குடிவரவு வரிசையில் ஐம்பது நிமிடம் நின்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு வேனில் ஏறினோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேன வழியாக ஹட்டனுக்கு ஐந்து மணி நேரம். கித்துல்கலவுக்குப் பிறகு பாதை வளைந்துகொண்டே ஏறுகிறது. டிரைவர் ஹட்டன்காரர், தமிழர். "வயித்தப் பெரட்டுனா வளைவுக்கு முன்னாடியே சொல்லிப்புடுங்க தம்பி, வளைவுல நிப்பாட்ட ஏலாது" என்றார். எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் வளைவிலேயே சொன்னார்.

ஹட்டனிலிருந்து தோட்டம் இன்னும் பதினொரு கிலோமீட்டர். அந்தப் பதினொன்றுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. சபையின் விருந்தினர் அறைகளில் தங்கினோம். குளிர் பதினைந்து டிகிரி. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு அது பனிக்காலம். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிறு ஆராதனைக்குக் குழுவினர் போனார்கள். நான் டிரைவரோடு ஹட்டன் போய் பெயின்ட் வாங்கி வந்தேன். திங்கள் காலை வேலை ஆரம்பம். முன்பள்ளி என்பது தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. அதை நடத்துவது அங்குள்ள சபை. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களின் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். நான் வரைய வேண்டிய சுவர் இருபத்திரண்டு அடி நீளம். நடுவில் இயேசு உட்கார்ந்திருக்க, சுற்றிலும் குழந்தைகள், ஓரங்களில் யானை, மயில், மான். இதற்கு நான் போட்ட மாதிரி வரைவை ஜோசப் அண்ணன் ஊரிலேயே பார்த்துச் சம்மதித்திருந்தார். வெள்ளை அடித்துக் காய்ந்ததும் கரிக்கோடு போட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இது யானை, இல்லை மாடு என்று சண்டை போட்டார்கள். மதியம் ஒன்றரைக்குக் குழுவினர் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு மிகவும் பிடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நாலே பிள்ளைகள்தான் வந்தார்கள்.

முன்பள்ளி ஆசிரியை கலா டீச்சர் வாசலைப் பார்த்தபடி நின்றார். "காய்ச்சலா இருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இருபத்தேழு பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வராது என்று அவருக்கும் தெரியும்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி இடைவேளை. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் முன்பள்ளிக்குள் வந்தார். பெயர் யோகேஸ்வரி, முந்தின நாள் யானைக்காக அதிகம் சண்டை போட்ட தாரணியின் அம்மா. குழுவினர் பின்பக்கம் இருந்தார்கள். சுவரருகே நான் மட்டும். அவர் என் நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணக் கோட்டைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஸ்ரீரங்கம்னு டீச்சர் சொன்னாங்க. நாமம் போட்டிருக்கீங்க. நீங்க சொன்னா நம்புவோம். இவங்க எதுக்கு வந்திருக்காங்க?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"எம்மக நேத்து வீட்டுல வந்து அந்தப் பாட்டப் பாடுச்சு. சாமிக்கு வெளக்கு வைக்கையில இது எதுக்கும்மான்னு கேக்குது. முன்ன ஒரு தடவ யாரோ வந்து, பேர மாத்திக்கிட்டா கூரைக்குத் தகரம் தர்றோம்னாங்க. இவங்களும் அப்பிடியா?"

படம் போட மட்டும்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அது பொய். ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னால் அது ஜோசப் அண்ணனுக்குச் செய்யும் அநியாயம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"தகரம் தர்றது, பேர் மாத்துறது எதுவும் இல்லக்கா. நான் கூடவே இருக்கேன், எனக்குத் தெரியும். ஆனா மத்தியானம் பாடுறது இயேசு பாட்டுதான். கதையும் பைபிள் கதைதான். அவங்க அதை நம்புறாங்க, பிள்ளைங்களுக்கும் சொல்லணும்னு ஆசைப்பட்டு வந்திருக்காங்க. உங்களுக்கு வேணாம்னா ஒன்றரைக்கு முன்னாடி வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. யாரும் தடுக்க மாட்டாங்க."

அவர் சுவரைக் காட்டினார். "நடுவுல யாரு?"

"இயேசு."

"இங்க எல்லா வீட்டுப் பிள்ளையும் வருது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. யாரும் தடுக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுக்க நான் யார்? வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன், மதியச் சாப்பாட்டின்போது நானே ஜோசப் அண்ணனிடம் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"விசாவுக்கு ஏழு வாரம் காத்திருந்தோம். சனங்க ஒரு வருசமா ஜெபம் பண்ணி அனுப்பியிருக்காங்க. நீ ஒரு நிமிஷத்துல பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டே?"

"கேட்டாங்கண்ணே. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அன்று மாலை என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. சபையின் டிக்கெட்டில் வந்து, சபையின் சோற்றைத் தின்று, அவர்கள் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் குறுகுறுத்தது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையே என்று இன்னொரு பக்கம் கோபம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டும் வைத்தேன்.

புதன் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜோசப் அண்ணன், ஸ்வெட்டரும் மப்ளருமாக.

"கிளம்பு. ஏழு மணிக்கெல்லாம் கொழுந்துக்குப் போயிடுவாங்களாம்."

ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கி, பிரட்டுக்களத்துக்குப் போனோம். தொழிலாளர்கள் காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு அங்கே அப்படிப் பெயர். நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஜோசப் அண்ணன் பிரசங்கம் செய்து பழகியவர்; அன்று மப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"என் பேர் ஜோசப். திருச்சியில இருந்து வந்திருக்கோம். இந்தத் தம்பி நேத்து ஒரு அக்காகிட்ட சொன்னது அத்தனையும் சரி. நாங்க இயேசுவப் பத்திப் பாடுறோம், கதை சொல்றோம். அதை முதல் நாளே நான் வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. பிடிச்சவங்க பிள்ளைங்கள விடுங்க. பிடிக்காதவங்க ஒன்றரைக்குக் கூட்டிட்டுப் போங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டோம்."

"அப்ப அந்தப் படம்?" என்று ஒருவர் கேட்டார்.

ஜோசப் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதை சர்ச்சுக்குள்ள போட்டுக்கறோம். பள்ளிக்கூடத்துல என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க."

ஒருவர் ரயில் என்றார், ஒருவர் சிவனொளிபாதமலை என்றார். யோகேஸ்வரி அக்காதான் முடித்துவைத்தார். "எங்களப் போடுங்க. தேயிலைப் பாக்கெட்டுல எல்லாம் சிரிச்சுக்கிட்டே கொழுந்து பறிப்போம். இதுலயாவது சிரிக்காமப் போடுங்க."

அன்று இருபத்துநாலு பிள்ளைகள் வந்தார்கள். ஒன்றரைக்குப் பதின்மூன்று பேர் வீட்டுக்குப் போக, பதினோரு பேர் பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். தாரணி போனவர்களில் ஒருத்தி. மீதி ஏழு பேர் கடைசிவரை வரவேயில்லை. மழையால் அரை நாள் வீணானாலும் வியாழன் சாயங்காலம் சுவர் முடிந்தது. நடுவில் பச்சைச் சரிவு, கூடை சுமந்த ஐந்து பெண்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. யானை மட்டும் பிள்ளைகள் கேட்டபடி அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சர்ச் சுவர். ஆறடிக்கு ஐந்தடி. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேறு மாதிரி தொடங்க மனம் வரவில்லை. முகத்தை மூன்று தடவை அழித்து வரைந்தேன். ஜோசப் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கண்ணுல கனிவு வந்திருச்சுடா" என்றார் கடைசியில். பிறகு, "செவ்வாய்க்கிழமை கோவத்துல பேசிட்டேன்."

"நானும் உங்களைக் கேக்காம சொல்லிட்டேன்ணே."

"கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லுன்னு சொல்லியிருப்பேன். கேக்காததே நல்லது."

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு அதே வேன். மாலை ஐந்தரைக்குத் திருச்சி.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சபை வேலையாகப் போவதென்றால் சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அழைக்கும் சபை மூலம் முறையான அனுமதி வாங்குங்கள், இரண்டு மாதம் முன்னதாகவே ஆரம்பியுங்கள். எனக்குச் சபை எடுத்துக் கொடுத்த போகவர விமான டிக்கெட் 15,900 ரூபாய். பெயின்டை விமானத்தில் விடமாட்டார்கள். பிரஷ்ஷை மட்டும் கொண்டுபோய் மற்றதை ஹட்டனில் வாங்கலாம், விலை நம்மூரைவிடக் கூடுதல். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் தேங்காய்ச் சம்பலில் மாசி போட்டிருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். மாசி என்பது கருவாடு. நான் கேட்காமல் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். தேயிலைக்குள் நடந்தால் அட்டை கடிக்கும், காலில் சோப்பைத் தடவிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மழைக்கோட்டு கட்டாயம். என்னைப் போல வேறு மதக்காரர் இப்படி ஒரு குழுவில் சேர்வதானால், அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டிப்போகிறவர்கள், போய் இறங்கிய முதல் நாளே ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஞாயிறு காலை அப்பா கோயிலிலிருந்து வந்து காபி குடிக்கும்போது போனில் படங்களைக் காட்டினேன். முன்பள்ளிச் சுவரை ரசித்துப் பார்த்தார். அடுத்தது சர்ச் படம். தள்ளிவிடலாமா என்று விரல் ஒரு கணம் நின்றது. தள்ளவில்லை.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது நீ போட்டதா?"

"ஆமாம்ப்பா. முகம் மட்டும் மூணு தடவை அழிச்சேன்."

நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "அழிச்சதே தெரியலை" என்றார். போனை என்னிடம் திருப்பித் தராமல், சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்கே கொஞ்சம் வந்து பாரேன்."