பின்னோக்கி நடந்த பதினாறாம் வாய்ப்பாடு

சின்ன வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. கை கட்டி நின்றால் வாயும் சேர்ந்து கட்டிக்கொள்ளும். எங்கள் பள்ளிக்கூடத்திலோ கை கட்டாமல் வாய் திறக்கக் கூடாது. ஆகவே மூன்றாம் வகுப்பு முழுக்க நான் மக்குதான்.

கூலி உயர்வு கேட்டு வயல்களில் செங்கொடி நட்ட காலம் அது. மிராசுதார் முன்னால் இனிமேல் கை கட்டி நிற்பதில்லை என்று அம்மா சபதமே போட்டிருந்தாள். அந்தக் கோபம் அவருக்கு. "ஏறாத படிப்பு எதுக்கு? பொண்ண நம்ம மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பச் சொல்லு" என்று ஆள் விட்டார். வாத்தியாரும் கைவிட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரும்போது பதினாறாம் வாய்ப்பாடு சொல்லாவிட்டால் பதிவேட்டில் என் பேரை அடித்துவிடுவாராம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய லீவு நாளில் அம்மாவோடு நடவுக்குப் போனேன். முழங்கால் வரை சேறு, இடது கையில் நாற்று முடி. ஒரு குத்து ஊன்றுவேன், ஓரடி பின்னால் நகர்வேன். வகுப்பில் கேட்டுக் கேட்டு மண்டையில் எங்கோ கிடந்த வாய்ப்பாடு, குத்துக்கு ஒரு வரியாகத் தானே வெளியே வந்தது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்மா, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். மறுபடியும் தப்பே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கை கட்டினேன், வாய் கட்டிக்கொண்டது. வாத்தியார் பேனா மூடியைத் திறந்தார்.

"சார், நட்டுக்கிட்டே சொல்லட்டுங்களா?"

என்ன கேட்கிறேன் என்று புரியாமலே இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

குனிந்து வெறுந்தரையில் இல்லாத நாற்றை ஊன்றினேன். ஓர்பதினாறு பதினாறு. ஓரடி பின்னால். ஈர்பதினாறு முப்பத்திரண்டு. நடவென்றால் பின்னோக்கித்தானே போக வேண்டும்? வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். என் எதிரே இன்ஸ்பெக்டர் அடிமேல் அடி வைத்து வந்தார். அவர் பின்னால் வாத்தியார், அவர் பின்னால் மொத்த வகுப்பும். கொடிக்கம்பத்தில் முதுகு முட்டியபோது, "பதினாறு பதினாறு இருநூத்தி அம்பத்தாறு!" என்று கத்தி நிமிர்ந்தேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்ன ஏதென்று கேட்டுக் குலவை போட்டார்கள்.

"இந்தப் பொண்ண நாலாவதுல போடுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். மிராசுதார் மாடுகள் வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அம்மாவிடம், "நாளைக்கும் நடவுக்கு வர்றேம்மா, பதினேழையும் படிச்சிடுறேன்" என்றேன். அவள் என் காலை இழுத்து வைத்து, நகக்கண்ணில் மிச்சமிருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"இனிமே வயல்ல கால வச்சே, ஒடிச்சிப்புடுவேன்."

ஜெயித்தவளுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று சாப்பிடாமல் அழுதேன். அழுகிற என்னை அம்மா ஏன் அத்தனை சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.