முல்சானில் ஒரு வேலை

என் மகள் பிரான்சில் முல்சான் என்ற சின்ன ஊரில், பந்தயக் கார்களின் எஞ்சினைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். ஊரை ஒட்டியே பந்தயப் பாதை. போன வாரம் போனில் பேசும்போது, "கேக்குதாம்மா?" என்று சன்னலைத் திறந்தாள். அந்த உறுமல் என்னை நான் பிறந்த ஆவூருக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால், கோயில் வாசலில் பெரியப்பாவின் புல்லட் நின்றது. வெயிலில் சூடேறிய சீட்டும் பெட்ரோல் வாடையும் இழுக்க, ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா கையைப் பிடித்து இறக்கி, ஊரே பார்க்கக் கன்னத்தில் அறைந்தார்.

"பொட்டச்சி ஒக்கார்ற எடமா இது?"

வீட்டுக்குப் போனதும் சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அதை நின்று பார்க்கச் சொன்னார்.

நேற்று அதே பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "பேரன் மெக்கானிக் படிச்சுட்டுச் சும்மா இருக்கான். அங்கிட்டு ஒரு வேலைக்கு ஒம் மகள்ட்ட சொல்லும்மா."

"கேட்டுப் பாக்குறேன், பெரியப்பா."

இன்று காலை நானே போய், "எடம் இல்லையாம்" என்று சொன்னேன். மகளிடம் நான் கேட்கவே இல்லை. அவர் முகம் தொங்கிப்போனதைக் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.