பெயர் வேண்டாத உபயம்

எங்கள் கோயிலின் திருவிழா அறிவித்தலை நெடுங்காலமாக நான்தான் எழுதி வருகிறேன். எந்த நாள் யாருடைய உபயம் என்று அதில் குறிக்க வேண்டும். ஒருவருடைய பெயரை எழுதும்போது மட்டும் என் கை சற்றுத் தயங்கும். ஓராண்டு தம் பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டதென்று, அச்சான தாள்கள் அனைத்தையும் திருப்பி அனுப்ப வைத்தவர் அவர். ஆகவே, சென்ற மாசியில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, வாசலில் நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை.

“பிள்ளையின்ரை பிளகாட்டுகள் எல்லாம் என்ரை உபயம், அண்ணை. ஆனா பேர் மட்டும் வேண்டாம்.”

சுவிற்சர்லாந்தின் லிம்மாற் பள்ளத்தாக்கில் நாங்கள் வாழும் சிறு நகரின் பாடசாலைச் சபைத் தேர்தலில் என் மகள் நின்றிருந்தாள். பிள்ளைகளின் மதிய உணவு வரை பலவற்றைத் தீர்மானிக்கும் சபை அது. மற்ற வேட்பாளர்களின் முகங்கள் தொடருந்து நிலையத்திலிருந்து ஆற்றுப்பாலம் வரை, இங்கே பிளகாட் எனப்படும் பதாகைகளில் தொங்கின. எவருடைய செலவில் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற விதியும் எங்கள் ஊரில் இல்லை. அந்த விதியைக் கொண்டுவருவதே கட்சி சாராத என் மகளின் முதல் வாக்குறுதி. தனக்குக் கிடைத்த ஒவ்வொரு பிராங்கையும், தந்தவரின் பெயரோடு, தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டு வந்தாள். அச்சகத்துக்குப் போய்வரும் வேலையை மட்டும் என்னிடம் ஒப்படைத்திருந்தாள்.

“ஏன் தம்பி, பேர் வேண்டாம்?”

“சும்மாதான். சாமிக்குச் செய்யிறதெண்டு நினையுங்கோ.”

அவருக்குப் பெரிய சமையற்கூடம் இருக்கிறது. திருமணங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து சாப்பாடு போகிறது. பாடசாலைகளுக்கு அப்போது போகவில்லை. இது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் உபயம் என்ற அந்தத் தூய சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன். இறைவனுக்குக் கொடுப்பவர் கைம்மாறு கேட்பதில்லை என்று எனக்கு நானே சொன்னேன். உண்மையில், டாவோஸ் விடுதியொன்றில் பதினோராண்டு பாத்திரம் கழுவிய இந்தத் தகப்பன், தன் மகளின் முகம் பாலத்தில் உயர்ந்து நிற்பதைக் காண ஆசைப்பட்டான். “ஓம்” என்றேன்.

பத்து நாளில் மகள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“அப்பா, பாலத்திலை என்ரை பிளகாட் பன்னிரண்டு தொங்குது! நான் ரெண்டுக்குத்தானே காசு தந்தனான். மிச்சத்துக்கு ஆர் குடுத்தது?”

“நான்தான்.”

“உங்கடை பென்சனிலயோ? எனக்கொரு ஜாக்கெட் வாங்கவே மூண்டு கடை ஏறி இறங்குவியளே!” சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. “அப்பா எண்டாலும் பேர் போடத்தான் வேணும். போடப்போறன்.”

அன்று மாலையே என் பெயர் அந்தப் பட்டியலின் தலையில் ஏறியது. மறுநாட் காலை வழக்கம்போல் படத்தின் முன் நின்று பதிகம் ஓதினேன். பொய்க்கு அஞ்சிய அடியார்களின் பாடல்கள். சிறு வயது முதல் என் நாவில் தாமாக ஊறுபவை. நடுவில் ஓர் அடி வரவில்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓதினேன். அதே இடத்தில் நின்றது. ஏன் நிறுத்திவிட்டேன் என்று என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்தப் பதாகைகளுக்கு யார் பணம் தந்தது என்று என் மகளிடம் கேட்டார். “என் தந்தை” என்று அவள் ஜெர்மன் மொழியில் நிமிர்ந்து சொன்னாள். “விடுதியில் பாத்திரம் கழுவியவர். அவர் பெயரை நீங்கள் என் பக்கத்தில் பார்க்கலாம்.” மண்டபம் கைதட்டியது. எல்லோரும் ஓய்ந்த பின்னும் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மட்டும் நிதானமாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வென்றாள். இரு மாதங்கள் உபயகாரர் எதுவும் பேசவில்லை. நேற்றுப் பூசையின்போது என் அருகில் வந்து அமர்ந்தார்.

“பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் புது ஆள் எடுக்கப்போகினமாம், அண்ணை.”

“அதை மகளிட்டைக் கேளும்.”

“சீச்சீ! பிள்ளையிட்டை நான் ஏன் கேக்கிறன்? எனக்கும் பிள்ளைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? காசு குடுத்தது நீங்களெல்லோ.” தீபம் காட்டினார்கள். கண்ணை மூடிக் கைகூப்பியபடியே சொன்னார்: “நீங்கள்தான் கேப்பியள்.”

நாளை மதியம் அவள் சாப்பிட வருகிறாள். பணம் யாருடையதென்று சொன்னால் அன்றே பதவி விலகுவாள். என் மகளை நான் அறிவேன். சொல்லாவிட்டால், தமக்கு வசதியான ஒரு நாளில் அவர் சொல்வார்.