மைனர் பிடித்த கம்பு

1. கணக்கு தப்பிய நாள்

பழவேற்காட்டில் ஷூட்டிங்குகளுக்குப் படகு ஏற்பாடு செய்யும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். யூனிட்டில் எனக்கு ‘போட் இன்சார்ஜ்’ என்று பெயர். நான் வேலை பார்த்ததிலேயே படு மோசமாக ஓடிய படம் பழங்காலத்தில் நடக்கிற ஒரு காதல் காமெடி. பார்த்த பெண்களையெல்லாம் மயக்கிவிடும் பெயர்போன மைனர் ஒருவனின் கதை. ஆனால் நான் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவது அந்தப் படத்தைப் பற்றித்தான்.

மைனர் ஒரு ஜமீன்தார் வீட்டுப் பெண்ணோடு முகத்துவாரத்துப் பக்கம் படகில் தப்பிக்கும் காட்சி. அங்கே யார் வலை கட்டுவது என்பது எங்கள் ஊரில் பாடு என்கிற சுழல் முறைப்படிதான். முறை வந்த நாளில் கட்டினால் உண்டு. விட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். முறையை வெளியாளுக்கு விற்கவும் கூடாது. அன்று யாருக்கும் முறை இல்லை என்று டைரக்டரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். நடுவில் ஊரில் ஒரு சாவு விழுந்து, எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளிப்போனதை மறந்து தொலைத்தேன்.

காலையில் கேமராவோடு போனால், அன்றைய முறைக்காரரான ஏகாம்பரம் அண்ணன் தன் மச்சானோடு வலைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

2. டைரக்டரிடம் சொன்னது

ஹீரோ கால்ஷீட் அன்றைக்கு ஒரு நாள்தான். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்து அவரைக் கிளப்பு என்றார் டைரக்டர். அண்ணன் கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இத்த வித்தேன்னு வெச்சுக்க, நாளைக்கு ஊர்ல என்னை எவன் மதிப்பான்? நீயே சொல்லு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தப்பு என்னுடையது, வேலையை விட்டு வேண்டுமானால் போகிறேன், அவரைக் கிளப்ப மாட்டேன் என்று டைரக்டரிடம் சொன்னேன். பிறகு ஏதோ துணிச்சலில் இதுவும் வாயில் வந்துவிட்டது.

“மைனர் இவங்களோட ஒருத்தனா ஒளிஞ்சிக்கட்டும் சார். துரத்தினு வர்றவனுக்கு அடையாளம் தெரியாது. அண்ணன் வேலை அதுபாட்டுக்கு நடக்கட்டும்.”

டைரக்டர் சரி என்றார். அண்ணனும் ஒப்புக்கொண்டார், தண்ணீரில் இறங்குகிறவன் வேலை செய்யவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஹீரோ பட்டு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். அந்த நிலையிலும் படகிலிருந்த கதாநாயகியைப் பார்த்துக் கண்ணடித்தார். கேமரா ஓடுவதையெல்லாம் அண்ணன் கண்டுகொள்ளவில்லை.

“மொதல்ல கம்ப நேரா புடி நைனா. அப்பறமா மயக்கலாம்.”

யூனிட்டே சிரித்தது. டைரக்டர் கட் சொல்லவில்லை. தண்ணீர் கடலுக்கு இறங்கியபோது அண்ணன் வலையில் இறாலும் நன்றாகவே விழுந்தது.

3. பொன்னேரி தியேட்டரில்

ரிலீஸ் அன்று நானும் அண்ணனும் ஒன்றாகப் போனோம். இவனிடம் எந்தப் பெண் மயங்குவாள் என்று பக்கத்து சீட்டுக்காரர் சத்தமாகவே கேட்டார். பாதிப் பேர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் சீட்டில் குறுகி உட்கார்ந்திருந்தேன். எங்கள் காட்சி வந்ததும் தியேட்டரே கைதட்டிச் சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு, அங்கே மீன் பிடிக்கிறவர்களை நேரில் கேட்காமல் எந்தத் தண்ணீருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

டைட்டிலில் என் பெயர் வரவில்லை. வெளியே வரும்போது அண்ணன் என் தோளில் கை போட்டார்.

“படம் நிக்காது தம்பி. ஆனா நம்ம கம்பு நின்னுது பாத்தியா?”