எதிர்வீட்டு விசில்

எங்கள் தெருவில் சிக்ஸர் முதலில் என் லைனில்தான் வரும். என் கேபிள் இருக்கிற வீடுகள் முதலில் கத்தும். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைக்கிற நேரம் கழித்துத்தான் போனில் பார்க்கிற வீடுகள் கத்தும். அந்த இடைவெளிதான் என் மரியாதை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காத காது கிடையாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்கு மாடி தாண்டி இந்த வட்டாரத்துக்கே டிவி காட்டியவன். டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினால் படம் நிற்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மொட்டை மாடி வெயிலில் நின்று நானே கண்டுபிடித்தேன். இன்று கழுத்தில் கம்பெனி கார்டைத் தொங்கவிட்டுத் திரிகிறவர்களில் பாதிப்பேர் என் ஒயரில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள். பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசுவேன். செய்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

போன் வந்தது, லைன் ஒவ்வொன்றாகப் போனது. செட்டாப் பாக்ஸைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த வீடுகளைக் கிரிக்கெட்டை வைத்துத்தான் பிடித்து நிறுத்தினேன். என்னிடம் ஒரு எவர்சில்வர் விசில் உண்டு. மேட்ச் நாளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். விக்கெட் விழுந்த உடனே வாசலுக்கு வந்து ஊதுவேன். போன்காரன் திரையில் அப்போதுதான் பௌலர் ஓடிவர ஆரம்பித்திருப்பான். பார்ப்பதற்கு முன்பே சங்கதி தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன ருசி? ஒரு சீசன் முழுக்க இப்படி ஊதியதில் போனவர்கள் சில பேர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். நான் ஒன்றும் கேட்காமல் லைன் கொடுத்தேன். ஆனால் சிரித்தேன்.

போன வருடம் ஒரு மொபைல் கம்பெனியிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். மதுரைப் பக்கத்து ஆள். என் வீட்டிலேயே இருக்கிற கேபிள் கண்ட்ரோல் ரூம் வட்டாரத்துக்கு நட்டநடுவில் இருக்கிறதாம், கரண்ட், பேட்டரி, ஏசி எல்லாம் தயாராக இருக்கிறதாம். அங்கே பீரோ அளவில் ஒரு பெட்டியும் மாடியில் சின்ன ஆன்டெனாவும் வைக்க வேண்டும் என்றார். போன் கேட்கிற படம் இப்போது எங்கேயோ தூரத்துக் கட்டிடம்வரை போய்த் திரும்புகிறது, அந்தக் கம்ப்யூட்டரையே தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டால் தாமதமே இருக்காது என்று விளக்கினார். அதற்கு எட்ஜ் என்று பெயர். நாளைக்கு வீட்டிலிருந்தபடி ஸ்கேன் பார்க்கலாம், ஆள் இல்லாமல் வண்டி ஓடும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு வண்டியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.

"சாவி கம்பெனிகிட்டதான்யா இருக்கும். நீங்க தொறக்க வேண்டிய அவசியமே வராது."

இந்தத் தெருவில் என் ஸ்க்ரூ டிரைவர் படாத பெட்டி கிடையாது. என் ரூமில், என் கூரைக்குக் கீழே, நான் திறக்கக் கூடாத பெட்டியா?

"என் வூட்டுல வந்து எனக்கே பூட்டு போடுவியா நீ? எழுந்திரு மொதல்ல," என்றேன். காபியைக்கூட முடிக்க விடவில்லை.

அவர் நேராகத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனார். அது என் மச்சினன் வீடு, மனைவியின் தம்பி. அவனுக்கு ஏணியில் ஏறக் கற்றுக்கொடுத்து, என்னிடமே லைன்மேனாக வைத்துக்கொண்டு, ஆளாக்கியவன் நான். அவன் மாடிப்படிக்குக் கீழே இருந்த ரூமைக் காலி செய்து பெட்டிக்குக் கொடுத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணத்தோடு என் மனைவி மட்டும் இரண்டு வாசலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

வருடா வருடம் ஃபைனலுக்கு என் வாசலில் வெள்ளைத் திரை கட்டி, வாடகை நாற்காலி போட்டு, தெருவுக்கே மேட்ச் காட்டுவேன். இந்த வருடம் அவனும் போனை ஒரு பெரிய டிவியோடு சேர்த்துத் தன் வராந்தாவில் வைத்தான். அன்றைக்கு எந்தப் பக்கம் உட்காருகிறார்களோ அந்தப் பக்கமே இருந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மிச்சமிருக்கிற என் லைன்கள் நிற்பதும் அறுவதும் அந்த ஒரு மேட்ச்சில் இருந்தது. பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது, போன் வேகமாகிவிட்டது என்று காதில் விழுந்தது. பெட்டியாவது வேகமாவது என்று விசிலைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் வாசலில் நல்ல கூட்டம். முதல் வரிசையில் என் பழைய கஸ்டமர், ரிட்டையரான பஸ் கண்டக்டர். அவருக்குப் பக்கத்தில் என் மனைவி. இரண்டாவது ஓவரில் விசில் சத்தம் கேட்டது. ஊதியது நான் இல்லை. என் திரையில் பௌலர் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு திரும்பி நடந்துகொண்டிருந்தான். எல்லோரும் எதிர்வீட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என் திரையில் ஸ்டம்ப் பறந்தது. யாரும் கத்தவில்லை.

அடுத்த சிக்ஸரும் அப்படியே. அதற்கடுத்த ரன் அவுட்டும் அப்படியே. கண்டக்டர் நாற்காலியைப் பாதி திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"படம் உன்துல பாக்கறோம்ணே. மேட்ச்சு அங்க நடக்குது," என்றார்.

சுற்றியிருந்தவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் சிரித்தார்கள். நான் தெருவைத் தாண்டினேன். மச்சினன் வராந்தாவில் விசிலும் கையுமாக நின்றிருந்தான்.

"உன் ஆளுங்கள வாய மூடிக்கினு பாக்கச் சொல்லுடா."

"இன்னா மாமா இது? நீ ஊதுனப்போ வாய மூடிக்கினு இருந்தியா?"

"இந்தத் தெருவே நான் கட்டுன லைனுடா."

"யாரு இல்லன்னா? பொட்டி கூட மொதல்ல உன் வூட்டுக்குத்தான் வந்துச்சு. நீதான் சாவி கேட்ட." சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "ஒக்காரு மாமா. இங்க சீக்கிரம் தெரியும்."

அவன் சோறு தின்றது என் கூலியில். அந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுத் திரும்பினேன். கீழே இறங்கினால், என் ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நான் வாடகைக்கு எடுத்த நாற்காலிகளையே தூக்கிக்கொண்டு அவன் வராந்தாவுக்குப் போனார்கள். கண்டக்டர் தலையில் கவிழ்த்து எடுத்துப் போனார். ஒருவனும் நிற்கவில்லை.

கடைசி ஓவரில் என் திரைக்கு முன்னால் என் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள், மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. கடைசிப் பந்து, நம் ஊர் ஜெயிக்க நாலு ரன் வேண்டும். என் திரையில் பௌலர் ஃபீல்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் கூரை போகிற மாதிரி ஓர் இரைச்சல் எழுந்தது. விசில், தட்டு, பட்டாசு எல்லாம் சேர்ந்து வந்தது. என் பௌலர் ஓடிவர ஆரம்பித்தான். நான் ப்ரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கினேன். திரை வெறும் துணியானது.

"இன்னாத்துக்கு நிறுத்துன?" என்றாள்.

"அதான் தெரிஞ்சுபோச்சே."

"உனக்குத் தெரிஞ்சுது. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்?"

அவன் வீட்டில் முடிந்த மேட்ச்சை என் வாசலில் மறுபடி ஓட்டிக்காட்ட நான் ஒன்றும் அவன் எச்சில் தட்டு கழுவுகிறவன் இல்லை. நிறுத்தியது சரி, இன்றைக்கும் சொல்வேன். அவள் கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். தம்பி வராந்தாவில் அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். ரீப்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பந்தை அவள் அங்கேதான் பார்த்தாள். நான் இன்றுவரை பார்க்கவில்லை.