குழலுக்குள் உண்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவன், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவேன், இப்போதும் கேரளத்தில் உதியன்குளங்கரையில் கடை போட்டு பூட்டு, மிக்ஸி, தையல் மிஷின் என்று கழற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நீங்கள் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நல்ல வெயில் காலத்தில் ராஜாமணி கடைக்கு வந்தான். எங்கள் சபைக்காரன், டெம்போ ஓட்டுகிறவன், பக்கத்தில் செங்கல் என்கிற ஊரில் அவன் அப்பாவின் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தான். வந்தவன் ஷட்டரைப் பாதி இழுத்து விட்டான்.

“அண்ணா, வீடு வரைக்கும் ஒண்ணு வரணும். சொவரு இடிச்சப்போ ஒரு தோக்கு கிட்டிச்சு.” தோக்கு என்றால் எங்கள் பக்கம் துப்பாக்கி.

“எலே, தோக்குன்னா நேரே ஸ்டேஷனுக்குப் போ. எனக்கு என்ன வேலை அங்க?”

“போவேன். அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு தெரியணும். அப்பா சித்தப்பாவச் சுட்டாரா, இல்லியா?”

இந்தக் கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ராஜாமணி சின்னப் பையனாக இருந்தபோது அவன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேலித் தகராறு, ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் சித்தப்பாவைக் காணவில்லை, அவ்வளவுதான், ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அண்ணன்தான் தீர்த்துவிட்டான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சித்தி கைக்குழந்தையோடு வெள்ளறடைக்குப் போய்விட்டாள். ராஜாமணியின் அப்பா சாகும்வரை ஆலயத்தில் ஒரு பெஞ்சில் தனியாகவே உட்கார்ந்தார், நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போனேன். உண்மையில் எனக்கு ராஜாமணி மேலேயே சந்தேகம். துப்பாக்கி அங்கே இருப்பது இவனுக்கு முன்பே தெரியும், அப்பா நல்லவர் என்று என் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடு இல்லை, சுவர் இடுப்பளவு நின்றது. வேலைக்காரர்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். ராஜாமணி ஒரு எண்ணெய்த் துணிப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, யாரும் வருகிறார்களா என்று பார்க்க ரோட்டுக்குப் போனான். பிரித்தேன். ஆறு குண்டு போடுகிற பழைய ரிவால்வர். பார்த்தால் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் வைத்திருந்த மாதிரி, ஆனால் முத்திரை எதுவும் இல்லை, நம்பர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள், பிடியில் இரண்டு திருகாணியும் இரண்டு விதம். எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. மடக்கித் திறந்தேன். ஆறு அறையும் காலி. குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேன், வட்டமாக வெளிச்சம் தெரிந்தது, அதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், “உண்டா?”

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். இருக்கிறதா என்பதும் உண்டா, சாப்பிட்டாயா என்பதும் உண்டா, துப்பாக்கிக் குண்டுக்கும் உண்ட என்றே பெயர். மணி ஒன்றரை, வயிறு காய்ந்துகொண்டிருந்தது, ராஜாமணி திரும்பி வந்து சோறு தின்றாச்சா என்று கேட்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

“இன்னும் இல்ல மக்கா,” என்றேன் திரும்பாமலே.

“உண்டு,” என்றது குரல். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை, கணக்கு வாத்தியார் தப்பைத் திருத்துகிற மாதிரி.

திரும்பினேன். இடுப்பளவு சுவர், அதற்கு அந்தப் பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், ஒரு ஆள் இல்லை. ராஜாமணி அங்கே தூரத்தில் ரோட்டோரம் டெம்போவில் சாய்ந்து நிற்கிறான்.

நம்பினால் நம்புங்கள், அதற்குப் பிறகுதான் என் பையிலிருந்து பித்தளைக் கம்பியை எடுத்துக் குழலில் விட்டேன். பாதியில் நின்றது. தட்டினால் ஈயத்தின் மந்தமான சத்தம். மறுபடி வானத்துக்கு நேரே பிடித்தால் ஒரே இருட்டு. வெடிமருந்து கெட்டுப்போனால் உண்ட வெளியே போகாமல் குழலிலேயே மாட்டிக்கொள்ளும், பட்டாளத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ராஜாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான்.

“அப்போ உண்ட வெளிய வரல்ல. அப்பா கொல்லல்லண்ணா,” என்று சொல்லி இடிந்த சுவரைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். போட்டோ எடுத்தான், அதில் ஒரு கருப்பு வட்டம் இருக்கிறது, எதுவாகவும் இருக்கலாம்.

அங்கிருந்து நேரே ஸ்டேஷன். துப்பாக்கி என் மடியில், துணி சுற்றி, ஒரு நிமிடம் கையை எடுக்கவில்லை. ராஜாமணி வெளி மேஜையில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு போலீஸ்காரர் மடக்கித் திறந்து, என்னிடமே கம்பியை வாங்கிக் குழலில் விட்டார். கம்பி வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது.

“இது கிளீனாணல்லோ சேட்டா,” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வட்டமாக வெளிச்சம். மாட்டிய உண்டயை எடுக்க வேண்டுமானால் சுத்தியலால் அடிக்க வேண்டும், தானாக விழாது. போலீஸ்காரர் மேல் சந்தேகப்பட்டேன், ராஜாமணி மேல் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கண் மேல் சந்தேகப்பட்டுப் போய் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் குறை இல்லை என்றார்.

ராஜாமணியிடம் சொல்லவில்லை. சொல்வதற்குள் அவன் வெள்ளறடைக்குப் போய் சித்தப்பா மகள் ஜெயாவைப் பார்த்துவிட்டான். புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு அவள் வந்தாள், அத்தனை வருடம் கழித்து முதல் தடவை. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

“நீங்க கண்ட அந்த உண்டயாக்கும் எங்கள சேத்து வச்சது,” என்றாள். “கண்டீங்கதானே அண்ணா?”

“கண்டேன்,” என்றேன். பொய் இல்லை.

யார் என்னிடம் பேசியது? செய்ததை மறைக்க சுட்டவர் வந்தாரா, அண்ணன் பெயரைக் காப்பாற்ற சுடப்பட்டவரே வந்தாரா? ராஜாமணியின் அப்பாவோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் குரலும் தெரியாது, அவர் தம்பி குரலும் எனக்குத் தெரியாது. எழுந்து கை கழுவும்போது ஜெயா தானாகவே சொன்னாள், அவள் அப்பா கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஜெபம் பண்ணியதை யாரோ பதிந்த கேசட் ஒன்று அவளிடம் இருக்கிறதாம், ஓட்டுகிற டேப்ரிக்கார்டர் கெட்டுப்போய்க் கிடக்கிறதாம், நான் ஒருநாள் வந்து சரி பண்ணிக் கொடுக்க வேண்டுமாம். அது ஓடினால் அன்றைக்குப் பேசியது அவரா, இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வாறேன் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறாள், டேப்ரிக்கார்டருக்குப் போட பெல்ட் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெல்ட் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.